ஆமைக்கு மண் தேடிய கதை

லண்டன் வீட்டில் எங்களோடு இருக்கும் ஹெர்மன் ஆமைக்கு (நிலத்தில் வாழும் ஓர் ஆமை இனம்) வயது 3. வாங்கிய நாளில் கடைக்காரர் அதன் இருப்பிடத்தில் பரப்பச் சிடார் மரச்சீவலையும் கட்டிக் கொடுத்தார். கமகமவென்று மணந்தது, அந்த மணமே ஆமையின் மூச்சுக்குப் பகை என்பது பிறகுதான் தெரிந்தது. வெறும் மணலும் வேண்டாம், இரையோடு விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

இப்போது உரம் சேராத தோட்ட மண்ணோடு தேங்காய் நார்க்கழிவைக் கலந்து 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பியிருக்கிறேன். அடிமண்ணில் மட்டும் லேசான ஈரம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வளரும் ஓடு மேடு மேடாகப் புடைக்காமலிருக்க இந்த ஈரப்பதம் உதவுகிறது.

நேற்று மாலை முன்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி உள்ளே போனது. காலையில் ஓட்டின் விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறது. கம்பளமெல்லாம் மண் என்று மனைவிக்குத்தான் கோபம்.