இருநூறு ரூபாய்

கைவினைஞர்களைச் சந்தைகளுக்கு அழைத்துப்போகும் ஒரு சிறிய அமைப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு இந்தி வரும் என்பதால், பத்தமடையிலிருந்து வந்த பாய் நெசவாளர் அக்கா ஒருவருக்குத் துணையாக சூரஜ்குண்ட் மேளாவுக்கு அனுப்பினார்கள். டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத்தில் 1987-ல் தொடங்கிய கைவினைச் சந்தை அது, பிப்ரவரியில் நடக்கும்.

காலையில் நல்ல குளிர். ஓலைக் கூரை போட்ட கடைக்குள் அக்கா முதலில் செய்த வேலை பாய் நெய்கிற கோரைப் புல்லை ஈரத்துணியில் சுற்றி வைத்ததுதான். அந்த ஊர் வறண்ட காற்றில் கோரை முறியுமாம். தாமிரபரணிக் கரையில் அறுத்துக் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, ஒவ்வொரு கோரையையும் கத்தியால் நூல் மாதிரி கீறி, அதற்கப்புறம்தான் தறிக்கே வரும் என்று அவர் சொல்லச்சொல்ல நான் இந்தியில் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி போல மடிகிற பாயைத் தொட்டுப் பார்த்த பலர் இது புல் என்றே நம்பவில்லை.

பதினோரு மணிக்கு மேல் கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கம் நகாடா முரசுச் சத்தம், இன்னொரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள். ஒருவர் நேர்த்தியான பாய் ஒன்றை எடுத்து இருநூறு குறைக்கச் சொன்னார். நான் சரி என்றுவிட்டேன். முதல் பெரிய விற்பனை, கைநழுவிவிடக் கூடாதே என்ற பதற்றம். அக்கா ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டிக் கொடுத்தார்.

சாப்பிடும்போதுதான் சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா தம்பி. நானும் என் மவளும் பதினெட்டு நாள் உக்காந்து நெய்ஞ்ச பாய் அது."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சை மொழி மாற்றிச் சொல்லத்தான் என்னை அனுப்பினார்கள், விலையை மாற்றச் சொல்லி அல்ல. அந்த வித்தியாசம் எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மொழி தெரிந்தவன் என்பதாலேயே அவருடைய உழைப்புக்கு நான் விலை பேசிவிட்டேன். எங்களைப் போன்ற இடைப்பட்டவர்கள் அடிக்கடி செய்கிற தவறு இதுதான் என்று இத்தனை வருடம் கழித்தும் நினைக்கிறேன்.

அப்புறம் யார் பேரம் பேசினாலும் கேட்டதை அப்படியே அக்காவிடம் சொல்லி, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். மூன்று பேர் வாங்காமலே போனார்கள். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் துணியை மறுபடி நனைத்து, மிச்சக் கோரையைச் சுற்றி வைத்துவிட்டு, "நாளைக்கு இதுல ஒரு சின்னத் தடுக்கு போடலாம் தம்பி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.