முதல் திருமணம் சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரன் சபையிலோ நடந்திருந்தால், கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் என்ன செய்யவேண்டும்?

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களும் பிற சபைக் குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொள்வது புதிதல்ல. 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலத்திலிருந்தே இந்த வட்டாரத்தில் லுத்தரன்கள் இருக்கிறார்கள். சாதாரணக் கலப்புத் திருமணம் என்றால் ஆயரின் அனுமதியோடு முடிந்துவிடும். பிற சபைக்காரருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, கோர்ட்டில் விவாகரத்தும் ஆகியிருந்தால்தான் சிக்கல்.

"அந்தக் கல்யாணம் நம்ம கோயில்ல நடக்கலையே, அது கணக்குல வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். இது முழுக்கத் தவறு. திருமுழுக்குப் பெற்ற இரண்டு பிற சபைக்காரர்கள் தங்கள் கோயிலில் செய்த திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியான திருமணமாக, அருளடையாளமாகவே மதிக்கிறது. குருவானவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்கவேண்டும் என்ற விதி கத்தோலிக்கரை மட்டுமே கட்டும் (கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சட்டம் 1117). ஆகவே அவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் பதிவு செய்திருந்தாலும் அதுவும் திருமணம்தான். சந்தேகம் வந்தால் திருமணத்தின் பக்கம் நில் என்கிறது சட்டம் 1060. முந்தைய பந்தம் செல்லாது என்று முறைப்படி நிலைநாட்டப்படும்வரை அடுத்த திருமணம் கூடாது என்கிறது சட்டம் 1085. கோர்ட் தீர்ப்பு அந்தப் பந்தத்தை அவிழ்க்காது. மறுமணத்துக்குச் சம்மதித்து அவர்களுடைய ஐயர் (சபைப் போதகர்) தரும் கடிதமும் அவிழ்க்காது.

இதில் பலருக்கு மனம் வெதும்பும். அனுமதியில்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து பிரிந்த கத்தோலிக்கருக்குச் சில தாள்களோடு வேலை முடிகிறது. தன் கோயிலில் முறையாக மணமுடித்த லுத்தரனுக்கோ முழு வழக்கே நடத்தவேண்டியிருக்கிறது. அநியாயம்போலத் தெரிந்தாலும், அவர்களுடைய திருமணத்தை நம்முடையதற்கு இணையாக மதிப்பதால் வரும் விளைவு இது. அந்த மரியாதையை நான் சரியென்றே நினைக்கிறேன்.

பங்குத்தந்தையிடம் போகுமுன் நீங்களே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது: முதல் திருமணத்தின் இரண்டு பேரும் அன்றைக்கு யார், எங்கே, எப்படித் திருமுழுக்குப் பெற்றவர்கள்? வழி மொத்தமும் இதைப் பொறுத்தது.

பிரிந்துபோன துணை கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவராக இருந்து, ஆயரின் விதிவிலக்கு இல்லாமல் சி.எஸ்.ஐ. கோயிலிலோ பெந்தகொஸ்தே சபையிலோ கல்யாணம் நடந்திருந்தால், அது முறைக்குறைவால் (மேலே சொன்ன விதிப்படி நடக்காததால்) செல்லாதது. வழக்கு வேண்டாம், அவருடைய திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், விதிவிலக்கு தரப்படவில்லை என்பதற்கான உறுதி, இவற்றை வைத்து ஆயர் அலுவலகமே முடித்துவிடும். சிறுவயதில் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றுப் பிறகு பெந்தகொஸ்தேக்குப் போனவரையும் இந்த விதி கட்டும். 1983 சட்டத்தில், முறைப்படி திருச்சபையை விட்டு விலகியவர்களுக்கு ஒரு விலக்கு இருந்தது. அதைத் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் எடுத்துவிட்டார். அந்த மாற்றம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமுன் நடந்த திருமணமென்றால் மட்டும் இதைத் தனியாகப் பார்க்கவேண்டும். விதிவிலக்கு வாங்கியே சி.எஸ்.ஐ. கோயிலில் நடந்திருந்தால் திருமணம் செல்லும், இந்தக் குறுக்குவழி இல்லை.

பிரிந்த துணை இந்துவாக, திருமுழுக்கே பெறாதவராக இருந்தால், அந்தத் திருமணம் செல்லுபடியானதுதான், ஆனால் அருளடையாளம் அல்ல. விசுவாசத்தின் நலனுக்காக அதைத் திருத்தந்தை மட்டும் அவிழ்க்கலாம். மறைமாவட்டம் விசாரித்து உரோமைக்கு அனுப்பும். 2001-இல் வெளியான நெறிமுறைகள் இதற்கு உண்டு. மீண்டும் சேர வாய்ப்பில்லை, பிரிவுக்கு மனுதாரர் முழுமையாகவோ பெரும்பங்கோ காரணமல்ல, இப்போது மணக்கவிருப்பவரும் அந்தப் பிரிவை உண்டாக்கவில்லை, இவை நிறுவப்படவேண்டும். பழைய பந்தத்தை அவிழ்க்கும் இன்னொரு வழியான பவுல் சலுகை இங்கே பொருந்தாது. அது திருமணத்தின்போது இருவருமே திருமுழுக்குப் பெறாதவர்களாக இருந்து, பின்னர் ஒருவர் பெற்றால்தான்.

திருமுழுக்கையும் சும்மா விடமாட்டார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் திருமுழுக்கில் சந்தேகமில்லை. பெந்தகொஸ்தே சபைகளில் தந்தை, மகன், தூய ஆவி பெயரால் கொடுத்தார்களா, "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுத்தார்களா என்று கேட்பார்கள். இரண்டாவது வகை செல்லாது. அட்டையில் இது எழுதியிராவிட்டால் பாஸ்டரிடமிருந்து கடிதம் வாங்குங்கள். முதல் துணை இறந்துவிட்டாரென்றால் இத்தனையும் வேண்டாம், இறப்புச் சான்றிதழ் போதும்.

மற்றபடி, இருவருமே பிற சபைக்காரர்கள் என்றால் திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயத்தில் வழக்குதான். மனுதாரர் கத்தோலிக்கராக இருக்கவேண்டியதில்லை. எந்தத் தீர்ப்பாயம் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். திருமணம் நடந்த ஊர், இருவரில் ஒருவர் வசிக்கும் ஊர், பெரும்பாலான சாட்சியங்கள் கிடைக்கும் ஊர் - இவற்றில் ஒன்று எந்தக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குள் வருகிறதோ அங்கே போடலாம் (சட்டம் 1672). சி.எஸ்.ஐ. திருச்சி-தஞ்சைப் பேராயத்தின் எல்லைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரைக்கால் பக்கத்தில் இருக்கிறது என்று தஞ்சாவூருக்கு ஓடாதீர்கள். அது புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம்.

மனுவில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நடந்த சண்டை, அடி, மாமியார் கொடுமை, போலீஸ் புகார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கல்யாண நாளைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. தீர்ப்பாயம் தேடுவது, சம்மதம் சொன்ன அந்த நேரத்தில் அது உண்மையான சம்மதமா என்பதை. மூன்று வருடம் கழித்துத் தொடங்கிய குடி தனியாகக் காரணமாகாது. நிச்சயத்துக்கு முன்பே இருந்த குடிநோயோ மனநோயோ, திருமணக் கடமைகளை ஏற்கவே இயலாத நிலையில் அவரை வைத்திருந்தது என்றால் காரணமாகும் (சட்டம் 1095). பிள்ளையே வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால் சட்டம் 1101.

நம் வட்டாரத்தில் அதிகம் கவனிக்கவேண்டியது 1103, அதாவது கட்டாயமும் அச்சமும். "சொத்து வெளியே போகக்கூடாது" என்று தாய்மாமனுக்கோ மாமன் மகனுக்கோ கட்டிவைத்தார்கள், மறுத்தால் அம்மா விஷம் குடிப்பேன் என்றார் - இப்படி இருந்தால் அதை நாள், இடம், யார் இருந்தார்கள் என்பதோடு எழுதுங்கள். ஆனால் தாய்மாமனைக் கட்டியதற்கு ஆயரிடம் விலக்கு வாங்கவில்லை என்பதையே காரணமாக்க முடியாது. அந்த உறவுத் தடை திருச்சபை வகுத்த சட்டம். பிற சபைக்காரர் இருவரை அது கட்டாது.

சாட்சிகளும் அப்படியே. பிரிவுக்குப் பிறகு பஞ்சாயத்து பேசியவர்களைவிட, கல்யாணத்துக்கு முன் இருவரையும் அறிந்த தோழி, சித்தி, முதல் திருமணத்தை நடத்திய ஐயர் ஆகியோர் சொல்வதற்கு எடை அதிகம். பிரிந்தவரின் சரியான முகவரியைக் கொடுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார் என்று மட்டும் எழுதினால் அழைப்பாணை சுற்றித் திரும்பி மாதங்கள் போய்விடும். அவர் சம்மதிக்கவேண்டியதில்லை, முறைப்படி அழைத்தும் வராவிட்டால் வராதவர் என்று அறிவித்து வழக்கு தொடரும். அழைக்காமலேயே தீர்ப்பு வாங்கினால் அந்தத் தீர்ப்பே நிற்காது.

திருமணப் பந்தத்துக்காக வாதாட ஒருவர் நியமிக்கப்படுவார், குருவாகவோ பொதுநிலையினராகவோ இருக்கலாம். அவர் உங்களுக்கு எதிரி அல்ல. அவரில்லாமல் தீர்ப்பு செல்லாது. முதல் நிலை ஒரு வருடத்துக்குள் முடியவேண்டும் என்பது விதி, நடைமுறையில் கூடுதலாகவும் ஆகும். திருத்தந்தை பிரான்சிஸின் 2015 சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டாவது தீர்ப்பாயத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. 15 நாளில் யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் தீர்ப்பு உறுதி. இருவரும் இணைந்து கேட்டு, ஆதாரம் வெளிப்படையாக இருந்தால் ஆயரே தீர்க்கும் குறுகிய முறையும் உண்டு. முந்தைய திருமணத்துப் பிள்ளைகள் இதனால் முறையற்ற பிள்ளைகள் ஆவதில்லை (சட்டம் 1137). இந்தப் பயத்தினாலேயே மனு போடாத தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கோர்ட் விவாகரத்தும் தனியாக வேண்டும். திருச்சபைத் தீர்ப்பாயம் தரும் ரத்து, நாட்டுச் சட்டத்தின் முன் திருமணத்தை முடிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் மோலி ஜோசப் வழக்கில் சொல்லிவிட்டது. அது மட்டும் கையிலிருக்க மறுமணம் செய்தால் இருதார வழக்கு பாயும். டிக்ரியின் சர்ட்டிஃபைடு காப்பி வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலமும் கடந்திருக்கவேண்டும்.

ரத்து கிடைத்ததும் மண்டபம் பார்க்கலாமா? முதலில் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். சில தீர்ப்புகளில், ஆயரைக் கேட்காமல் இவர் மறுமணம் செய்யக்கூடாது என்ற தடை இருக்கும். அது நீங்கியபின் வழக்கமான கலப்புத் திருமண வேலை: ஆயரின் அனுமதி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பின் எழுத்து வாக்குறுதி (மற்றவருக்கு அது தெரிந்திருந்தால் போதும், அவர் கையெழுத்திட்டு வாக்குத் தரவேண்டியதில்லை), பிறகு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு). வேளாங்கண்ணியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாலும் சொந்தப் பங்கிலிருந்தே தாள்கள் போகவேண்டும். காலையில் மாதா கோயில், மாலையில் அவர்கள் கோயிலில் இன்னொரு முறை சம்மதம் என்பதைச் சட்டம் 1127 தடுக்கிறது. அவர்கள் கோயிலில்தான் நடக்கவேண்டுமென்றால் ஆயரிடம் முறைவிலக்குக் கேட்டு அங்கேயே ஒருமுறை நடத்தலாம்.

"அவரும் கத்தோலிக்கத்தில் சேர்ந்துவிட்டால் பழையது போய்விடும்" என்று சொல்லி அவசரமாகச் சேர்ப்பவர்களும் உண்டு. சேர்ந்தாலும் பந்தம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே ரிஜிஸ்டர் செய்து ஒன்றாக வாழ்பவர்களும் மனு போடலாம். ரத்து வந்தபின் குருவானவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் புதிதாகச் சம்மதம் சொல்லவேண்டும், கோயில் பதிவேட்டில் அந்தத் தேதியே ஏறும். ஊரைக் கூட்டாமல் எளிமையாகவே நடத்தித் தரச்சொல்லிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். ரிஜிஸ்டர் சான்றிதழின் நகலையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.