பாட்டியின் கட்டைவிரல்

எதிர்வீட்டுப் பாட்டியின் கட்டைவிரலைத் தன் கைக்குட்டையால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார் தபால்காரர்.

முதியோர் உதவித்தொகை. இரண்டு முறை வைத்தும் கைரேகை பதியவில்லை. காலமெல்லாம் நாற்று நட்ட விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"மோதிர விரலை வைத்துப் பாருங்கள், ஆத்தா."

பதிந்துவிட்டது! பணத்தை எண்ணிக் கொடுத்தவர், பாட்டியையும் ஒருமுறை எண்ணச் சொன்னார்.

2013 ஜூலையில் தந்தி நின்றபோது, அடுத்தது தபால்தான் என்று நினைத்திருந்தேன். 2018-இல் தபால்துறை வங்கியே தொடங்கிவிட்டது. மணியார்டர் தாளில் மை ஒற்றிக் கைநாட்டு வைத்த அதே திண்ணைக்கு, இன்று கைபேசியும் கைரேகைக் கருவியும் வருகின்றன. ஆனால் அந்தக் கைக்குட்டையை எந்தச் சுற்றறிக்கையும் கொடுத்திருக்காது.

"தினமும் ராத்திரி விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

பாட்டி இன்னும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.