ஏ டிவிஷன், பி டிவிஷன்

டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவன் என் சித்தப்பா மகன். எங்கள் பள்ளி மலருக்கு, மதியக் கஞ்சி காய்ச்சும் கஞ்சிப்புரை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். இப்போது அது முடியாது.

1985 ஜூனில் நானும் அவனும் ஒரே நாளில் நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எல்.பி. ஸ்கூலில், அதாவது தொடக்கப் பள்ளியில், சேர்ந்தோம். ஹெட்மாஸ்டர் ஒருவனுக்கு ஏ, அடுத்தவனுக்கு பி என்று எழுதிக்கொண்டே போனார். எனக்கு ஏ, அதாவது டீச்சர். அவனுக்கு பி. பி-யில் பாதி வருடம் வாத்தியாரே கிடையாது. 

ஜனவரியில் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) இன்ஸ்பெக்‌ஷன். என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். கணீரென்று படித்தேன். கிட்டே வந்து புத்தகத்தைப் பார்த்தார். நான் விரித்து வைத்திருந்தது வேறு பக்கம்! வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து நாலு மணி பெல் அடித்த அப்புறமும் அரை மணி நேரம் நான் இருக்க வேண்டும். சாக்பீஸ் படிந்த அவர் விரல் எழுத்தின் மேல் நிற்கும். அதைச் சரியாகச் சொல்லும்வரை நகராது.

அதே 1985-இல் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு சோதனை தொடங்கியது. 79 பள்ளிகளில் பிள்ளைகளைக் குலுக்கல் போட்டு வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். அவர்கள் பெரியவர்களானதும் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். நல்ல வகுப்பில் விழுந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் மார்க் எட்டாம் வகுப்புக்குள் ஏறக்குறைய கரைந்துவிட்டதாம். 27 வயதில் அதுவே சம்பளத்தில் தலைகாட்டியதாம். விடாமல் முயலும் பழக்கம் மட்டும் நடுவில் கரையவில்லை.

நான் இங்கே ஊருக்கெல்லாம் சம்பளப் பட்டியல் போடுகிறவன். சித்தப்பா மகன் அங்கே ஊரில் தேங்காய் லோடு ஏற்றுகிறான். எல்லாம் டிவிஷனால்தான் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, சித்தப்பாவுக்குக் கள்ளுத் தோப்பில் கூலி. ஆனால் மனக்கணக்கில் அவன்தான் என்னைவிடக் கெட்டி.

ஒவ்வொரு லீவிலும் டீச்சர் வீட்டு வழியாகத்தான் டவுனுக்குப் போவேன். ஒரு தடவையும் காரை நிறுத்தியதில்லை.

அடக்கம் முடிந்த ராத்திரி அவனைக் கூப்பிட்டேன். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த அரை மணி நேரத்துக்கு வந்தது.

"தினமும் உன்னைக் கூட்டீட்டுப் போக வெராந்தாவுலதான உக்காந்திருந்தேன். ஒரு நாளாவது என்னையும் உள்ள கூப்பிடச் சொல்லியிருக்கலாமில்லடா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.