எட்டு அங்குலக் கல்லும் இன்க்ஸ்கேப்பும்

எங்கள் வளவில் தரையில் பதித்த 14 ஆத்தங்குடிப் பூக்கற்கள் உடைந்துவிட்டன. பட்டறைக்காரரைக் கேட்டால், "இந்தப் பூவுக்கு அச்சு இல்லை ஆச்சி. அளவோட கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொடுத்தா தகடு வளைச்சு அச்சு பண்ணிரலாம்" என்றார். 50 வருடமாக நடுவீட்டுக் கோலம் போடுகிற கைக்கு வரைவது ஒரு வேலையா? கம்ப்யூட்டர் என்றதும்தான் வயிற்றைக் கலக்கியது. எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்றுதான் பயம். பேத்தி கொடுத்த பழைய லேப்டாப் இரண்டு வாரம் துணி மூடியபடியே கிடந்தது.

முதல் வாரம்: இன்க்ஸ்கேப் என்பது கம்ப்யூட்டரில் படம் வரைகிற மென்பொருள். இலவசம், பேத்தியே ஏற்றிக் கொடுத்தாள். கல்லைச் செல்போனில் படம் எடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்து போகிறது. அதனால் பட்டர் பேப்பரை மேலே விரித்துப் பென்சிலால் படியெடுத்து, அதைப் படம் பிடித்து உள்ளே போட்டேன். கல்லின் அகலம் 8 அங்குலம். மெனுக்களின் பெயரை எல்லாம் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்.

இரண்டாம் வாரம் முழுக்க ஒரே இதழோடு மல்லுக்கட்டு. இன்க்ஸ்கேப்பில் கோடு போடுகிற பேனாவை எடுத்துச் சொடுக்கிச் சொடுக்கி 27 புள்ளி வைத்திருக்கிறேன். இதழா அது, பொரித்த அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் நெளிசல். "ஆயா, அடியில ஒண்ணு, நுனியில ஒண்ணு, ரெண்டு புள்ளி போதும். மீதி வளைவுக்குப் புள்ளியிலேர்ந்து நீளுற அந்தக் கைப்பிடிக் கோடு பிடிச்சு இழுங்க" என்றாள் பேத்தி போனில். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். இங்கே புள்ளி மேலேயே ஏறிப் போகிறது. அது உறைக்கத்தான் எனக்கு ஆறு நாள். அதன்பின் இதழ் தானாக விழுந்தது.

நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ. ஆகவே கால் பூ வரைந்து, ஆல்ட்-டி அழுத்தி மூன்று நகல் எடுத்து, 90, 180, 270 பாகை திருப்பி வைத்தேன். பூ கூடி வந்ததும் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. மறுநாள் முதல் கால்பூவின் இலைக்குப் பச்சை மாற்றினேன். நான்கிலும் மாறிவிட்டது! கெடுத்துவிட்டேன் என்று லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

இரவு பேத்தி சிரித்தாள். ஆல்ட்-டி நகல் நிழல் மாதிரி, மூலத்தைத் தொட்டால் எல்லாம் மாறும். தனித்தனியாக வேண்டுமென்றால் கண்ட்ரோல்-டி. மாற்றியது பிடிக்காவிட்டால் கண்ட்ரோல்-இசட். பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து ஊற்றிய கலரைத் திரும்ப அள்ள முடியுமா? நான் பயந்த சாமான்தான் எல்லாவற்றையும்விடப் பொறுமையான சாமான்.

ஐந்தாம் வாரம் படத்தை அனுப்பினேன். பட்டறையிலிருந்து போன்: "நடுவுல இதழ் சேருற இடம் ரொம்ப இடுக்கு ஆச்சி. கலர் இறங்காது, கொஞ்சம் விட்டுக் கொடுங்க." இரவு பத்து மணி. பேத்தியைக் கூப்பிடவில்லை. முதல் கால்பூவில் இரண்டு புள்ளியை 2 மில்லிமீட்டர் நகர்த்தினேன். நான்கு பக்கமும் சேர்ந்து இடம் விட்டது.

மாதிரிக் கல் இப்போது பட்டறைத் தொட்டியில் தண்ணீருக்குள் ஊறுகிறது.