லரபங்கா மண் பள்ளிவாசல் ஜியாரத்

நேர்ச்சையோடு ஜியாரத்துக்காக (புனித இடத்தைச் சென்று காண) கானா நாட்டின் லரபங்காவுக்குப் புறப்படுகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கும்போதே, வழிகாட்டி என்று சொல்லி நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். தொகையை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பள்ளிவாசலுக்கான காணிக்கையைத் தனியாக வைத்திருங்கள். அல்லாஹ்வின் வீட்டு வாசலில் பேரம் பேச வேண்டியிருப்பது மனதை உறுத்தத்தான் செய்யும்.

கானாவின் வடக்கே, தமலேயிலிருந்து டமொங்கோ வழியாகப் போனால் மோலே வனவிலங்குப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். 1421-இல் அயூபா என்ற பெரியவர் இங்கே ஒரு கல்லருகே தங்கினார், கனவில் வந்த குறிப்பின்படி ஈட்டியை எறிந்தார், அது விழுந்த இடத்தில் பள்ளி எழுந்தது என்பது ஊர் வழக்கு. பள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய பாவோபாப் மரத்தடியில்தான் அவருடைய அடக்கம். 1650-இல் அன்றைய இமாமின் துஆவுக்கு (இறைவேண்டலுக்கு) வானிலிருந்து இறங்கியதாக நம்பப்படும் குர்ஆன் பிரதியையும் கண்போலக் காத்து வருகிறார்கள்.

பள்ளி மொத்தமே எட்டுக்கு எட்டு மீட்டர்தான். உள்ளே தொழ முஸ்லிம்களுக்கு மட்டுமே அனுமதி. இமாமுக்கு சலாம் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. குனிந்து நுழைந்ததும் வெயில் அப்படியே பின்தங்கிவிடும். தடித்த மண்தூண்கள், நெருங்கிய ஸஃப் (தொழுகை வரிசை), அரை இருட்டு. ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டி நின்றால் மூச்சு விடுவது தனக்கே கேட்கும். மக்கா திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு நேரே, நெற்றி நிலம்பட ஸுஜூதில் விழுந்தவருக்குத் தலையைத் தூக்க மனம் வராது. கேட்க வந்ததெல்லாம் மறந்துபோய் ஷுக்ர் (நன்றி) ஒன்றுதான் நாவில் நிற்கும். யா அல்லாஹ், எத்தனை தலைமுறை நெற்றிகள் இங்கே பதிந்திருக்கும்!

வெளியே வந்து சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த பன்னிரண்டு மண் முட்டுகள், மிஹ்ராபுக்கு மேல் ஒரு கோபுரம், மினாராவாக இன்னொன்று. நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள் வெறும் அழகுக்கு இல்லை. மண்ணைப் பிணைப்பதும் அவைதான், மறுபூச்சுக்கு ஏறிச் செல்லும் படிகளும் அவைதான்.

இடையில் நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசியதுதான் வினையானது. மண்சுவர் உறிஞ்சும் ஈரம் மண்பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிட்டது. மண் இளகியது, கரையான் மரத்தைத் தின்றது, 2002-இல் அடித்த புயல்மழையில் கோபுரம் சரிந்தது. பிறகு சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, மறுபடி மண்ணையே குழைத்துப் பூசினார்கள். மறந்துகொண்டிருந்த அந்த வேலையை ஊர் இளையவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அதனால்தான் இன்றும் அங்கே தொழ முடிகிறது. மரத்தடியில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதும்போது, அயூபாவோடு அந்த மண் குழைத்த கைகளுக்கும் துஆ செய்யுங்கள்.