காசு கொடுத்து வாங்கிய கேம் ஏன் திறக்கவில்லை?

தி க்ரூ என்று ஒரு கார் ரேஸ் கேம், 2014-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே மேப்பாக வைத்திருந்தார்கள், இந்தக் கடற்கரையில் கிளம்பி அந்தக் கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம், தனி ஆளாக விளையாடக் கதையும் உண்டு. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை, அதாவது நெட் வழியாகக் கேமை ஓடவைக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரை, நிறுத்தினார்கள். அவ்வளவுதான், கேம் முடிந்தது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்றுதான் அதை உருவாக்கியிருந்தார்கள் என்பதால், டிஸ்க் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அது போதாதென்று கொஞ்ச நாளில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் அதை விளையாடியதே இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது, ஏனென்றால் காசு முழுசாக வாங்கிக்கொண்டு கொடுத்த பொருள் அது.

சேலத்தில் எவர்சில்வரைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, உருக்காலையே இங்கேதான் இருக்கிறது. கடையில் குடம் வாங்கினால் பேர் வெட்டி வாங்கிக்கொள்வோம். பேர் வெட்டியாச்சு என்றால் அது நம்முடையது, கடையை மூடினாலும் முதலாளி வேறு தொழிலுக்குப் போனாலும் யாரும் வீட்டுக்கு வந்து குடத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேமை வாங்கும் பட்டனை அழுத்தும்போது நம் மனதில் இருப்பது இந்த மாதிரி வாங்குவதுதான். ஆனால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பணம் கட்டும் பக்கத்தில் 2024 அக்டோபரில் ஒரு வரி சேர்ந்தது: நீங்கள் வாங்குவது கேமைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும். டிஜிட்டல் பொருள் விற்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்த வரியே வந்தது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்குள் சித்தி வீடு இருக்கிறது. ஏரிப் பக்கமெல்லாம் நெட் பரவாயில்லை, எஸ்டேட்டுக்குள் போனால் ஒரு கோடு வரும், மழை பிடித்துவிட்டால் அதுவும் போய்விடும். போன லீவில் அங்கே விளையாடலாம் என்று சேலத்து வீட்டு வைஃபையிலேயே ஒரு பெரிய கேமை இறக்கி லேப்டாப்பில் எடுத்துப் போயிருந்தேன். முழுக்கத் தனி ஆள் ஆட்டம், கூட யாரும் வேண்டாம், எதிரிகூட கம்ப்யூட்டர்தான். திறந்ததும் லாகின் கேட்டது, நெட் இல்லை என்றது, மூடிக்கொண்டது. மலை ஏறி வந்தவன் கையில் மொத்த கேமும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, அதைத் தொட விடமாட்டேன் என்கிறது எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதே லேப்டாப்பில் ஸ்டார்டியூ வேலி ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. எரிக் பாரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட கேம் அது. சித்தி பையனும் நானும் விடிய விடிய பண்ணை வைத்துப் பூசணி விளைவித்தோம். ஒருவரால் முடிந்தது ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியால் முடியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒருவர் தன் மெஷினில் சர்வர் போடுவார், மற்றவர்கள் லேனில், அதாவது கடைக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வயர் வழியாக, நுழைவார்கள், டஸ்ட் 2 மேப்பில் கத்திக்கொண்டே அடித்துக்கொள்வோம். இன்டர்நெட் போனால்கூட ஆட்டம் நிற்காது. அன்று பாதி இடங்களில் இருந்தது திருட்டு காப்பிதான், அது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த கேமை இன்றைக்கும் நாலு கம்ப்யூட்டரும் அவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சும் இருந்தால் விளையாடலாம்.

இதைச் சொன்னால் உடனே யாராவது பப்ஜி தடையை இழுத்துக்கொண்டு வருவார்கள். 2020 செப்டம்பரில் நடந்தது அரசு எடுத்த முடிவு, ஆட்டமும் நூறு பேர் ஒன்றாக இறங்குவது. அது வேறு, இது வேறு. காலம் முழுக்க சர்வருக்குக் கரண்ட் பில் கட்டு என்றும் எந்தக் கம்பெனியையும் யாரும் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. நாக்அவுட் சிட்டி என்ற கேமின் சர்வரை 2023-ல் மூடியபோது, நாமே சர்வர் வைத்து ஆடிக்கொள்ளும் பதிப்பை கம்ப்யூட்டரில் இலவசமாகவே கொடுத்தார்கள். சின்ன ஸ்டுடியோ செய்தது! தி க்ரூ மூடப்பட்ட பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஆரம்பித்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் கேட்பதும் இதைத்தான். ஐரோப்பாவில் அதற்கான மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி கொண்டுவருவோம் என்று யூபிசாஃப்ட் அறிவித்துவிட்டது. அப்படியென்றால் முடியும் என்றுதானே அர்த்தம்?

நம் ஊரில் அப்படிக் கையெழுத்துப் போட வழியில்லை, ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியிருக்கிறது. நான் இப்போதெல்லாம் கேமை வாங்கிய அன்றே வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிறேன். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும். தனி ஆள் ஆட்டம் நெட் இல்லாமல் திறக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காரணம் எழுதும் கட்டத்தில் அதையே எழுதுங்கள்.